துறைமுகம் இருந்தும் தொழிற்சாலை ஏன் வரவில்லை? பிந்தி வந்த நாடுகளின் பொருளாதாரக் கதை

திருகோணமலைக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் ஏதோ ஒரு கட்டத்தில் பேச்சு துறைமுகத்துக்கு வந்துவிடும். "இப்படி ஒரு துறைமுகம் வேற யாரிட்டயும் இருந்திருந்தா எப்பவோ சிங்கப்பூர் ஆக்கியிருப்பாங்க" என்று ஒருவர் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார். இதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. இடமும் வளமும் இருந்தால் தொழில் தானாக வரும். வரவில்லையென்றால் யாரோ தடுத்துவிட்டார்கள். தடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பின்னால் வந்து முன்னேறிய நாடுகளின் வரலாற்றைப் பார்த்தால், அந்த ஊகத்தின் முதல் பாதி அநேகமாகப் பிழை. தென்கொரியா தன் முதல் பெரிய எண்ணெய்க் கப்பல்களைக் கட்டியது மீனவர்கள் வலை காயப்போட்ட ஒரு வெறும் கடற்கரையில்.

இந்த வரலாற்றைப் பொருளியலில் பிந்திய தொழில்மயமாக்கல் என்பார்கள். உயர்தர வகுப்பில் பொருளியல் எடுத்தவர்களுக்குக் குழவிக் கைத்தொழில் (காலூன்றும்வரை அரசு பாதுகாக்கும் புதுத் தொழில்), இறக்குமதிப் பதிலீடு (இறக்குமதி செய்த சாமானை உள்ளூரிலேயே செய்வது) என்ற சொற்கள் நினைவிருக்கும். இரண்டும் இந்தப் பெரிய கதையிலிருந்து பாடப்புத்தகத்துக்கு வந்த துண்டுகள்தான்.

கதை பிரித்தானியாவில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்கள் நீராவி, நிலக்கரி, பருத்தி ஆலை என்று இறங்கியபோது அந்தப் பாதையில் முன்னால் யாரும் போயிருக்கவில்லை. ஒரு சின்ன நூற்பாலை போடக் குடும்பச் சேமிப்பும் கூட்டாளியின் காசும் போதும். இயந்திரம் பழுதாகப் பழுதாகத் திருத்தி, ஆலைக்குள்ளேயே கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தொழில்மயமான நாடு எதுவும் அப்படி ஆற அமர வளரவில்லை. வளரவும் முடியாது, ஏனென்றால் சந்தையில் பிரித்தானியா ஏற்கெனவே நிற்கிறது.

புதிய பாடத்திட்டத்தில் முதன்முதலாகப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் இருக்காது. பின்னால் வருகிறவர்களுக்கு அது கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஆனால் வெட்டுப்புள்ளியும் ஏறியிருக்கும். பிந்தி வரும் நாட்டின் நிலையும் அதுதான். எஞ்சினை அது கண்டுபிடிக்கத் தேவையில்லை, பார்த்துச் செய்தால் போதும். அதேவேளை, முந்தியவர்கள் மலிவாகவும் நன்றாகவும் செய்து விற்கும் சாமானோடு முதல் நாளே போட்டி போடவேண்டும்.

முந்தியவர்கள் வினாத்தாளைச் சும்மா கொடுக்கவும் இல்லை. தேர்ந்த தொழிலாளர் வெளிநாடு போவதை பிரித்தானியா 1824 வரையும், இயந்திர ஏற்றுமதியை 1843 வரையும் சட்டம் போட்டுத் தடுத்தது. சாமுவேல் ஸ்லேற்றர் என்ற இளைஞர் நூற்பு இயந்திரத்தின் அமைப்பு முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு, 1789இல் விவசாயி என்று சொல்லிக் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அமெரிக்கப் பருத்தி ஆலைத் தொழில் அவருடைய ஞாபகசக்தியில் தொடங்கியது என்றே சொல்லலாம்.

இதையெல்லாம் ஒரு கோட்பாடாகக் கோத்தவர் அலெக்சாண்டர் கேர்ஷென்கிரோன். 1904இல் ஒடெசாவில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் ஒஸ்ரியாவுக்கும், ஹிட்லர் ஒஸ்ரியாவைப் பிடித்தபின் அமெரிக்காவுக்கும் ஓடியவர். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்னது சுருக்கமாக இது. ஒரு நாடு எவ்வளவு பிந்தி வருகிறதோ அவ்வளவுக்கு அதன் தொழில்மயமாக்கல் திடீர்ப் பாய்ச்சலாக இருக்கும், ஆலைகள் பெரிதாக இருக்கும், துணியைவிட இரும்பிலும் இயந்திரத்திலும் நாட்டம் கூடும், சனங்களின் வயிற்றில் கட்டப்படும் ஈரத்துணியும் இறுகும். இவ்வளவுக்கும் வேண்டிய காசைக் குடும்பச் சேமிப்பால் திரட்ட முடியாது. அந்த இடத்தை வேறொன்று நிரப்பவேண்டும்.

ஜேர்மனியில் அதை நிரப்பியவை வங்கிகள். 1835இல் அங்கே ஓடிய முதல் ரயிலை இழுத்தது இங்கிலாந்திலிருந்து வாங்கிய எஞ்சின். பிறகு ரயில்வே விரிய விரியத் தண்டவாளமும் சக்கரமும் உள்ளூரிலேயே கேட்கப்பட்டன. குரூப் (Krupp) என்ற உருக்கு நிறுவனம் பெரிதானது பொருத்து இல்லாத ரயில் சக்கர வளையங்களை வார்த்து விற்றுத்தான். 1870இல் தொடங்கிய டொய்ச்சே வங்கி போன்றவை கடன் கொடுத்ததோடு நிற்காமல் கம்பனிகளின் மேற்பார்வைச் சபைகளிலும் ஏறி உட்கார்ந்தன. ரஷ்யாவில் அப்படி நம்பத்தக்க வங்கிகள்கூட இல்லை, அரசே இறங்கியது. 1891இல் கடும் சுங்கத் தீர்வை வந்தது. அதை வகுக்க உதவியவர்களில் ஒருவர் தனிம அட்டவணைக்குப் பேர்போன மெண்டலீவ். அதே ஆண்டு சைபீரிய ரயில் பாதை வேலையும் தொடங்கியது. அதே ஆண்டு பஞ்சமும் வந்தது. தானியத்தை ஏற்றுமதி செய்து கடன் கட்டிக்கொண்டிருந்த நாட்டில் சனம் பட்டினியில் செத்தது. கேர்ஷென்கிரோன் சொன்ன அந்த இறுக்கம் வெறும் கோட்பாடல்ல.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இலங்கையோடு நேராக ஒப்பிடக்கூடிய ஒரு விஷயம் அங்கே இருக்கிறது. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் 1864இல் ஓடியது. கண்டிக்கு 1867இல் போய்விட்டது. ஜப்பானின் முதல் ரயில், தோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யொக்கொஹாமாவுக்கு, 1872இல்தான் ஓடியது. அதாவது நாங்கள் முந்தி. இரண்டு இடத்திலும் பாதை போட்டது பிரித்தானியப் பொறியியலாளர்கள், ஓடியது பிரித்தானிய எஞ்சின். ஆனால் 1893இல் கோபே பட்டறையில் ஜப்பானியர்கள் தங்கள் நாட்டிலேயே முதல் எஞ்சினைக் கட்டி முடித்தார்கள். அதை மேற்பார்வை செய்தவர், 1804இல் உலகின் முதல் நீராவி ரயில் எஞ்சினை ஓட்டிய ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் பேரன். தாத்தாவின் வித்தையைப் பேரனிடம் சம்பளம் கொடுத்துக் கற்றார்கள். இங்கே? கண்டிப் பாதை கோப்பியையும் பிறகு தேயிலையையும் இறக்குவதற்குப் போட்டது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. திருகோணமலைக்கு 1927இல் ரயில் வந்தபோதும் எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வந்தது, இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது.

ஜப்பானின் இன்னொரு உதாரணம் தொமியோகா பட்டு நூல் ஆலை. 1872இல் அரசாங்கம் பிரெஞ்சு இயந்திரம், பிரெஞ்சு மேற்பார்வையாளர் எல்லாம் கொண்டுவந்து தொடங்கியது. வேலைக்குப் பெண்கள் வர மறுத்தார்கள், ஏனென்றால் வெள்ளைக்காரன் சிவப்பு வைன் குடிப்பதைப் பார்த்து இரத்தம் குடிக்கிறான் என்று கதை பரவியிருந்தது. பிறகு மெல்ல மெல்லச் சாமுராய்க் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் வந்தார்கள், நூல் சுற்றும் முறையைப் பழகினார்கள், ஊருக்குத் திரும்பி அங்கே தொடங்கிய ஆலைகளில் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். தொமியோகா ஆலை வியாபாரமாகப் பெரிய இலாபம் பார்க்கவில்லை. 1893இல் மிட்சுயி வணிகக் குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள். கணக்கப்பிள்ளை பார்த்தால் தோல்வி என்றுதான் எழுதுவார். என் கணக்கில் அன்றைய ஜப்பானிய அரசு (மெய்ஜி அரசு) செய்த நல்ல செலவுகளில் அது ஒன்று.

பிந்தி வந்த நாடு என்றவுடன் கைத்திறன் இல்லாத நாடு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. எங்கள் ஊரின் பேரைத் தாங்கிய ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் இருக்கிறது. 'ட்ரிங்கோமலி' என்ற அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. அது கட்டப்பட்டது பம்பாயில், 1817இல், வாடியா குடும்பத்தின் கட்டுத்தளத்தில், மலபார்த் தேக்கில். பிரித்தானியக் கடற்படையே வாங்கும் தரத்தில் இந்தியத் தச்சர்கள் கப்பல் கட்டினார்கள். பிறகு இரும்புக் கப்பலும் நீராவியும் வந்தன. அந்த மாற்றத்தைத் தாண்ட அரசின் பணமும் தீர்வைப் பாதுகாப்பும் வேண்டும். ஆளப்படும் நாட்டுக்கு அந்த இரண்டிலும் கை வைக்க உரிமை இல்லை. ஜப்பானுக்குக்கூட மேற்கு நாடுகள் திணித்த ஒப்பந்தங்களால் கை கட்டப்பட்டிருந்தது. தீர்வை விதிக்கும் முழு உரிமை 1911இல்தான் கிடைத்தது. ஆனால் அரசு அவர்களுடையதாக இருந்தது.

சரி, கொரியாவுக்கு வருவோம். 1960ஐ ஒட்டி இலங்கையின் தலா வருமானமும் தென்கொரியாவின் தலா வருமானமும் ஏறக்குறைய ஒரே அளவு. எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் எங்கள் நிலை நன்றாகவே இருந்தது. கொரியாவோ 1950 முதல் 1953 வரை போரில் தரைமட்டமான நாடு. ஏற்றுமதி என்று பார்த்தால் பலகை, மீன், பிறகு தலைமுடியில் செய்த விக். 1964இல்தான் அவர்கள் ஏற்றுமதி 10 கோடி டொலரைத் தொட்டது. 1977இல் அது 1,000 கோடி டொலர்.

இடையில் நடந்ததை விளக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொருளியலாளர் அலிஸ் அம்ஸ்டன். அவர் கேர்ஷென்கிரோனிடமிருந்து ஒரு படி விலகிப்போனார். ஜேர்மனியும் அமெரிக்காவும் பிந்தி வந்தாலும் சாயம், மின்சாரம் என்று தங்களுக்கென்று புதுச் சரக்குகளோடு வந்தவை. 20ஆம் நூற்றாண்டில் வந்தவர்களிடம் அப்படிப் புதிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மற்றவர்கள் செய்கிறதைக் கற்றுக்கொள்வது. கற்கும் காலத்தில் சாமான் விலை கூடவும் தரம் குறையவும் இருக்கும். ஆகவே அரசு மானியமும் குறைந்த வட்டிக் கடனும் பாதுகாப்பும் கொடுத்தே ஆகவேண்டும். இதுவரை உலகம் எல்லாம் ஒன்று. வித்தியாசம், கொடுத்ததற்குக் கைமாறு கேட்டார்களா என்பதில் இருக்கிறது.

இராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ 1961இல் ஆட்சியைப் பிடித்ததும் வங்கிகளை அரசுடைமையாக்கினார். முறைகேடாகச் சொத்துச் சேர்த்ததாகப் பெரிய முதலாளிகளைப் பிடித்து உள்ளே போட்டு, தொழிற்சாலை கட்டுகிறோம் என்ற வாக்குறுதியோடு வெளியே விட்டார். கடன் வேண்டுமா, இத்தனை டொலருக்கு ஏற்றுமதி செய்து காட்டு. ஒவ்வொரு மாதமும் ஏற்றுமதிக் கூட்டத்தில் அவரே இருந்து கணக்குக் கேட்டார். உள்ளூரில் கூடிய விலைக்கு விற்று இலாபம் பார்க்கலாம், அதில் தடையில்லை. ஆனால் வெளிநாட்டில் விற்க முடியாத கம்பனிக்கு அடுத்த கடன் கிடைக்காது. ஏற்றுமதியை இலக்காக வைத்ததில் ஒரு நுட்பம் இருந்தது. உள்ளூர் அதிகாரிக்கு விருந்து வைத்து நல்ல பேர் வாங்கலாம், அமெரிக்கக் கடைக்காரனிடம் அது செல்லாது.

கப்பல் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் தொடக்கத்தில் ஹியுண்டாய் நிறுவனர் சுங் ஜூ யுங் கடன் தேடி லண்டன் போனார். அவரிடம் இருந்தவை உல்சான் கடற்கரையின் ஒரு படமும் வரைபடமும். 'நீங்கள் கப்பல் கட்டியதுண்டா?' என்று கேட்டதற்கு, ஆமை வடிவப் போர்க்கப்பல் அச்சிட்ட 500 வொன் நோட்டை எடுத்து வைத்து, 16ஆம் நூற்றாண்டிலேயே கட்டினோம் என்று சொன்னாராம். கதையில் உப்புக் காரம் கூடியிருக்கலாம். எப்படியோ ஒரு கிரேக்க முதலாளி இரண்டு இராட்சத எண்ணெய்க் கப்பல்களுக்குக் கட்டளை கொடுத்தார். கட்டுத்தளமும் கப்பலும் ஒரே நேரத்தில் எழுந்தன. வரைபடம் வாங்கியது ஸ்கொட்லாந்தின் ஸ்கொட் லித்கோ நிறுவனத்திடம்; ஆட்களும் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தார்கள். அந்த ஸ்கொட்லாந்து நிறுவனத்தின் தளத்தில் முழுக் கப்பலையும் ஒரேயடியாகக் கட்ட இடம் போதாது, ஆகவே இரண்டு பாதியாகக் கட்டிச் சேர்ப்பார்கள். ஹியுண்டாயும் வரைபடத்தைப் பார்த்து இரண்டு பாதியாகவே கட்டியது. சேர்க்கப் போனால் இரண்டு பாதியும் பொருந்தவில்லை.

பார்த்துச் செய்கிறவனுக்கு நேரும் பாடம் இதைவிடத் தெளிவாக அமையாது. வரைபடத்தை வாங்கலாம், ஏன் அப்படி வரைந்தார்கள் என்பதை விலைக்கு வாங்க முடியாது. அடுத்தடுத்த கப்பல்களில் அந்த 'ஏன்' பிடிபட்டது. பிறகு உலகின் மிகப் பெரிய கப்பல் கட்டும் நிறுவனமாக அவர்கள் வளர்ந்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு உடனே கைதட்டவும் வேண்டாம். 1970இல் சியோலின் தையல் பட்டறைத் தொழிலாளி ஜொன் தே இல், இருக்கிற தொழிற்சட்டத்தையாவது மதியுங்கள் என்று கேட்டுத் தன் உடம்பில் தீ வைத்துச் செத்தார். அப்போது வயது 22. பார்க்கின் ஆட்சியில் தொழிற்சங்கம் நசுக்கப்பட்டது, எதிர்க் கருத்து சிறைக்குப் போனது. விருந்து கொரிய முதலாளிக்கு, ஈரத்துணி கொரியத் தொழிலாளிக்கு.

இலங்கையில் அந்த ஈரத்துணியைக் கட்டப் பார்த்தபோது என்ன நடந்தது என்பது சுவாரசியமானது. 1953இல் அரசு ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. ஓகஸ்டில் ஹர்த்தால். நாடு ஸ்தம்பித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். 1931இலேயே சர்வசன வாக்குரிமை வந்த நாட்டில் அதுதான் நடக்கும், நடந்ததும் சரி என்பது என் எண்ணம். ஆனால் அதன் பிறகு எந்த அரசுக்கும் சாப்பாட்டிலிருந்து பிடித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் தைரியம் வரவில்லை. சுதந்திரத்தின்போது ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தேயிலை, இறப்பர், தென்னை. அந்த வருமானம் அரிசிக்கும் மாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது.

தொழிற்சாலைகள் வராமல் இல்லை. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி, எங்கள் மாவட்டத்தில் கந்தளாய்ச் சீனி. வடக்கிலும் கிழக்கிலும் இத்தனை அரச ஆலைகள் இருந்தன என்பதே இன்றைய பிள்ளைகளுக்குப் புதினமாக இருக்கும். 1960களில் வெளிநாட்டுச் செலாவணி தட்டுப்பாடாகவே இறக்குமதியை மூடி, உள்ளூர்த் தொழிலுக்கு முழுப் பாதுகாப்பும் கொடுத்தார்கள். கொடுத்தார்கள், கைமாறு கேட்கவில்லை. ஏற்றுமதி இலக்கு இல்லை, கெடு இல்லை. ஆலை நட்டப்பட்டால் திறைசேரி கட்டும், மந்திரி மாறினால் ஆட்கள் கூடுவார்கள். 1977இல் கதவைத் திறந்தபோது பல குழவிகள் இருபது வயதாகியும் நடக்கவில்லை. கந்தளாய் ஆலை 1990களில் மூடப்பட்டது. காங்கேசன்துறையைப் போர் 1990இல் நிறுத்தியது. போர் ஆலைகளை நிறுத்தியதோடு விடவில்லை, அவற்றில் கற்ற ஆட்களையும் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டது. எங்கள் பகுதிக்கு அந்த இரண்டாவது இழப்பே பெரிது.

நேர்மையாகச் சொன்னால், ஆடைத் தொழிலில் இலங்கை கற்றது. 1978இல் கட்டுநாயக்க வலயத்தில் வெளிநாட்டுக் கம்பனிகளோடு தொடங்கி, பிறகு உள்ளூர் நிறுவனங்களே வடிவமைப்பு வரை போயின. துணி மட்டும் பெரும்பாலும் இன்னும் வெளியிலிருந்து வருகிறது.

இப்போது துறைமுகத்தைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். சீனன்குடாப் பக்கம் பிறிமா ஆலை. கோதுமை கப்பலில் வருகிறது, மாவாகிப் போகிறது. பக்கத்தில் டோக்கியோ சீமெந்து. சுட்ட கிளிங்கர் கப்பலில் வருகிறது, அரைபட்டுப் போகிறது. இரண்டும் 1980களில் இங்கே வந்ததற்கு ஆழமான துறைமுகமே காரணம். வேலை கொடுக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் துறைமுகம் தருவது அவ்வளவுதான், கப்பல் கிட்ட வரும். வந்த சரக்கிலிருந்து அடுத்த தொழில் முளைப்பது வேறு சங்கதி.

வடக்கே புல்மோட்டைக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே சரக்கு எங்களுடையது. கடற்கரை மணலே கறுப்பு. 1957இல் கூட்டுத்தாபனமாகத் தொடங்கிய அரச கனிய மணல் நிறுவனம் அதை அள்ளி, தண்ணீரில் அலசிப் பாரமானதைப் பிரித்து, பலமான காந்தத்தால் இல்மனைட் என்ற கனிமத்தை இழுத்து, மின்சாரம் கடத்தும் குணத்தை வைத்து ரூட்டைல், சேர்க்கன் என்ற மற்ற இரண்டு கனிமங்களையும் வேறாக்கும். இல்மனைட்டிலிருந்து வருவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு, வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயின்ற் முதல் பற்பசை வரை வெள்ளையாக்குகிற தூள். நாங்கள் மணலை ஏற்றுகிறோம், தூளை இறக்குகிறோம்.

'ஏன் இங்கேயே தூள் செய்யக்கூடாது?' என்று எல்லோரும் கேட்பார்கள். செய்ய ஒரு வழி குளோரின், இன்னொரு வழி சல்பூரிக் அமிலம். குளோரின் பரந்தனில் உற்பத்தியானது. வரைபடத்தில் இரண்டு ஊரையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். ஆனால் கோடு போடுவது சுலபம். அந்த ஆலைக்குப் பெரிய அளவு வேண்டும், மலிவான மின்சாரம் வேண்டும், கழிவு அமிலத்தைக் கடலில் விடாமல் கையாளத் தெரியவேண்டும், நீண்டகாலக் கடன் வேண்டும், இலாபம் வரும்வரை பொறுக்கவும் வேண்டும். கேர்ஷென்கிரோன் சொன்ன அதே பட்டியல்.

இன்றைக்குத் தொடங்குகிறவனுக்குக் கதவு இன்னும் ஒடுக்கம். 1995இல் வந்த உலக வர்த்தக அமைப்பின் விதிகள் ஏற்றுமதியை நிபந்தனையாக வைத்துக் கொடுக்கும் மானியத்தையும், உள்ளூர்ப் பாகங்களைப் பாவிக்கவேண்டும் என்ற நிபந்தனையில் கொடுக்கும் மானியத்தையும் பொதுவாகத் தடுக்கின்றன. வறிய நாடுகளுக்குச் சில விலக்குகள் உண்டு. ஏற்றுமதியோடு கட்டிக் கொடுத்த சலுகைதான் கொரியாவின் முக்கிய ஆயுதமே. முன்பு பத்தாயிரம் பேர் செய்த வேலையை இயந்திரம் செய்வதால் தொழிற்சாலை தரும் வேலையும் குறைகிறது. ஆனாலும் வழி முழுக்க அடைபடவில்லை. சீனா தன் பெரிய சந்தையைக் காட்டியே வெளிநாட்டுக் கார்க் கம்பனிகளை உள்ளூர்க் கூட்டாளியோடு வரச் செய்தது. எங்களிடம் அவ்வளவு பெரிய சந்தை இல்லை. எங்களிடம் இருப்பது மற்றவர்களுக்குத் தேவையான இடம்.

அதற்கு உதாரணம் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்க் குதங்கள். 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கையின்படி 99 குதங்களில் 61 இலங்கை, இந்தியத் தரப்புகளின் கூட்டுக் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு. ஊரில் அன்றைக்கு விவாதம் யாருக்கு எத்தனை குதம் என்பதில் நின்றது. குழாயையும் பம்பியையும் யார் வடிவமைப்பார்கள், பற்றவைப்பு வேலைக்கு எந்தத் தரத்தில் இங்குள்ள பொடியன்களைப் பழக்குவார்கள், எத்தனை வருடத்தில் அந்த வேலை முழுக்க உள்ளூர் ஆட்கள் கைக்கு வரும் என்று யாரும் நிபந்தனை கேட்டதாக என் காதில் விழவில்லை.